அம்மிக்கல் ஏற்றிய ஜீப்பு

அடுகோடிப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனியில் பெருமாள்சாமியின் ஜீப்பைத் தள்ளாத ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. காலையில் கிளப்ப ஒரு தள்ளு. ஏரிக்கரை மேட்டில் ஏற்ற இன்னொரு தள்ளு. சவாரியாக உட்கார்ந்து வந்தவர்களே பாதி மேட்டில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோள் கொடுக்க வேண்டும். தள்ளு ஜீப்பு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் மட்டும் மிலிட்டரி வண்டி என்பார்.

அவரும் மிலிட்டரிதான். சண்டைக் காலத்தில், பாதையும் பாலமும் போடுகிற சாப்பர்ஸ் படையில் டிரைவர். பர்மா எல்லையில் சேற்றிலும் மலையிலும் ஜீப்பு ஓட்டியவர். சண்டை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் கார் ஓட்டச் சேர்ந்தார். ஒருநாள் அந்த வீட்டு அம்மா காரிலிருந்து இறங்கும்போது செருப்பை எடுத்துக் காலடியில் போடச் சொன்னாராம். "என் வேலை ஸ்டீரிங்குல இருக்குதும்மா, உங்க கால்ல இல்ல" என்று சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அப்புறம் ஒரு மில் முதலாளி, அப்புறம் ஒரு காண்ட்ராக்டர். எங்கேயும் ஒரு தீபாவளிக்கு மேல் நிலைக்கவில்லை. மீசையும் குரலும் பெரிது. உடம்பு மட்டும் ஒல்லி.

மிலிட்டரிக்காரர்கள் பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, ஓடாமல் கிடந்த ஒரு ஜீப்பை எடுத்தார். அது எங்கள் காலனிக்குள் முதல்முதலாக வந்ததே மாட்டுவண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டித்தான். அந்த மாடுகளை ஓட்டி வந்தவர் கோவிந்தப்பா. ஏரிக்கு மேற்கே ஊருக்குள் இருந்த பெரிய வீட்டில் மாடு கன்று பார்த்துக்கொண்டிருந்தவர். கன்னடக்காரர், ஆனால் எங்கள் தமிழ் எல்லாம் பேசுவார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, "என்னா பெருமாள்சாமி, என் எத்து இல்லேன்னா உன் மோட்டாரு வந்திருக்குமா?" என்று சிரித்தார். மாட்டை அவர் கன்னடத்தில் எத்து என்றுதான் சொல்வார்.

பெருமாள்சாமியின் மனைவி லட்சுமம்மா வாசலில் நின்று ஜீப்பைச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்கு ஒரு எருமை வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்" என்றாள். ஆனாலும் உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து வண்டியின் நெற்றியில் வைத்தாள்.

எங்கள் வாசல் அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே. அந்த வண்டியைக் கழற்றியதையும் பூட்டியதையும் என் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன். தோட்டத்துக் காய்கறியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும். பிரசவ வலி வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். பெட்ரோலில் பாதி சீமெண்ணெய் கலந்துதான் ஓட்டுவார். பின்னால் வெள்ளைப் புகை வரும். வெளுத்துப் போட்ட துணியெல்லாம் நாறும்.

இனி எங்கள் திருவிழாவைச் சொல்ல வேண்டும். சித்திரையில் எங்கள் மாரியம்மன் தேரில் ஏறி, மேட்டுப் பாதை வழியாக ஏரிக்கரைக்குப் போவாள். கரையில் அவளுக்கு மஞ்சள் நீராட்டு. முன்பெல்லாம் ஆண்களே வடம் பிடித்து இழுத்தார்கள். ஒரு வருஷம் பாதி மேட்டில் முட்டுக்கட்டை நழுவித் தேர் பின்னால் உருண்டது. சின்னத்தாயி என்று ஒருத்தி, முனிசிபாலிட்டியில் தெரு கூட்டுகிறவள், அவள் புருஷனின் தொடை சக்கரத்தில் நசுங்கியது. அவர் அப்புறம் நிமிர்ந்து நடக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த மேட்டில் தேரை இழுக்க யாருக்கும் கை வரவில்லை. பெரிய வீட்டிலிருந்து மாடு வந்தது. மாட்டோடு ஒரு வழக்கமும் வந்தது.

கரை மேல் அரசமரத்தடியில் பெரிய வீட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். பூசாரியின் தட்டு முதலில் அந்த நாற்காலிக்குப் போகும். பிறகு அவருடைய வீட்டாருக்கு. அவர்கள் எல்லாரும் திருநீறு பூசி, தேங்காய் மூடி வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நாங்கள் கரை மேல் கால் வைக்கலாம். அம்மன் எங்களுடையவள். தேர் நாங்கள் செய்தது. அவள் குளிப்பதைப் பார்க்க நாங்கள் கீழே நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாடு அவருடையதாயிற்றே.

நயா பைசா வந்ததற்கு முந்தின வருஷம், பெரிய வீட்டுக்காரரின் சம்பந்தி வீட்டார் எங்கிருந்தோ வர வேண்டியிருந்தது. அவர்கள் வரும்வரை தேர் மேட்டின் அடியில் வெயிலில் நின்றது. பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றோம். விரதம். அம்மன் குளிக்கும் வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. எனக்கு முன்னால் நின்ற லட்சுமம்மாவின் கழுத்து ஆடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டார் குதிரை வண்டியிலிருந்து இறங்கும் நேரத்தில் அவள் அப்படியே மடங்கி விழுந்தாள். குடம் உடைந்து, மஞ்சள் தண்ணீர் முழுவதும் செம்மண்ணில் போனது.

குடம் உடைந்தது அபசகுனம் என்று நாற்காலிக்காரர் மேலேயிருந்து சொல்லி அனுப்பினார். பரிகாரம் செய்ய வேண்டுமாம்.

பெருமாள்சாமி மனைவியைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு எழுந்தார். "அடுத்த வருஷம் உங்க மாடு வேணாம்!" என்று கத்தினார். கரை மேல் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "அம்மனை என் ஜீப்பு இழுக்கும்!"

எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். "ஜீப்பை யாரு இழுக்கறது, பெருமாளு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். கோவிந்தப்பா கூட மாட்டின் முதுகில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பெருமாள்சாமி மறக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் ஜீப்பை வாசலில் நிறுத்தி மூடியைத் திறந்தார்.

அந்த எஞ்சினுக்குத் தலை ஒன்று உண்டு. கனமான இரும்புப் பலகை போல மேலே கிடக்கும். அதைத் தூக்கிவிட்டால் உள்ளே நான்கு குழிகளும், ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் இரண்டு காளான்களும் தெரியும். அந்தக் காளான்களைத்தான் வால்வு என்கிறார்கள். மூட வேண்டிய நேரத்தில் அவை சரியாக மூடாமல், எரிகிற வேகமெல்லாம் சந்தில் போய்விடுகிறதாம். லட்சுமம்மாவுக்கு அதை அவர் இப்படித்தான் சொன்னார்: "மூடி சரியா உக்காராத பானையில புட்டு வேகுமா? அதான் இதுக்கும் நோய்."

வால்வின் மேல் கரகரப்பான பசையைத் தடவி, ஒரு குச்சியை ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். மோர் கடைவது போலத்தான். அவர் கை சலித்தபோது லட்சுமம்மா வாங்கிக் கடைந்தாள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பிறகு அது மெல்லிசாகி, துணி கிழிகிற மாதிரி வரும்போது, "போதும், உக்காந்துடுச்சு" என்பார். அப்புறம் பிஸ்டனுக்கு வளையங்கள் மாற்றினார். எரிந்து போயிருந்த பிளக்குகளை மாற்றினார்.

இதெல்லாம் செய்து கிளப்பியதில் வண்டி தள்ளாமல் கிளம்பியது. ஆனால் ஏரி மேட்டில் நாலு பேரோடு ஏறும்போது முக்கால் மேட்டில் திணறியது. அந்த வண்டியில் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க ஒரு தனிக் கம்பு உண்டு. அதைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் நாலையும் சுற்ற எஞ்சினுக்குத் தெம்பு இல்லை. கம்பைப் போட்ட உடனே செத்துப்போகும்.

அப்புறம்தான் அவர் இரும்புத் தலையைக் கோணியில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு டெஸ்மண்டிடம் போனார். டெஸ்மண்ட் ஆங்கிலோ இந்தியர். பட்டறையில் இரும்பை இழைக்கிற மெஷின் வைத்திருந்தவர். வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவரே பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தார்.

"பெருமாள், இது ஜீப்பு இல்ல மேன். பேரீச்சம்பழக்காரனுக்குப் போடற சாமான்."

"உன்கிட்ட பேரீச்சம்பழம் கேட்டேனா? தலையை இழைச்சுத் தர முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

"இழைக்கலாம். இழைச்சா உள்ள இடம் குறையும். காத்து இன்னும் நெருக்கிப் புடிக்கும். அடி பலமா விழும். நம்ம ஊரு மேடான ஊரு, காத்து லேசு. கொஞ்சம் இழைச்சா தாங்கும். ரொம்ப இழைச்சா வால்வு மேல போயி தலையில முட்டும். அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

"முட்டாத அளவுக்கு இழை."

"இன்னொண்ணு. இனிமே சீமெண்ணெய் கலக்கக் கூடாது. கலந்தே, உள்ள யாரோ சுத்தியால அடிக்கற மாதிரி கேக்கும். பிஸ்டன் போயிடும்."

பெருமாள்சாமி மீசையைத் தடவினார். "சாமி காரியத்துக்குச் சீமெண்ணெய் ஊத்துவனா?"

"நேத்து வரைக்கும் நீ சாமிக்கே ஊத்தியிருப்பே மேன்" என்றார் டெஸ்மண்ட்.

தலை பளபளவென்று திரும்பி வந்தது. செம்புத் தகடு ஒன்றை நடுவில் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அன்று எஞ்சின் போட்ட சத்தம் வேறு. முன்பு கிழவன் இருமுவது போல இருந்தது. இப்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நெஞ்சில் விழுந்தது. எங்கள் அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. தெருக்காரர்கள் வண்டியில் ஏறிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். ஒருவரும் இறங்கவில்லை. முன் சக்கரக் கம்பைப் போட்டார், சாகவில்லை. திரும்பி வரும்போது எல்லாரும் கத்திக்கொண்டு வந்தார்கள். அன்றோடு தள்ளு ஜீப்பு என்கிற பேர் போனது.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. ஒரு கட்டை வண்டியில் ஆட்களை நெருக்கி ஏற்றிப் பின்னால் கட்டி மேட்டில் இழுத்துப் பார்த்தார்கள். எஞ்சினுக்குத் தெம்பு வந்ததால் சக்கரம் சரளையைப் பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. ஜீப்பின் முதுகில் பாரம் இல்லை. ஆட்களை ஏற்றலாம் என்றால், அம்மனுக்கு முன்னால் வண்டியேறி அவளுக்கு முதுகு காட்டி யார் உட்காருவது? ஓட்டுகிறவருக்கு மட்டும் பூசாரி அனுமதி கொடுத்திருந்தார். அதுவும் செருப்பில்லாமல்.

மண் மூட்டை போடலாம் என்று ஏரிக்குக் கூடையோடு போனார்கள். கோவிந்தப்பா அங்கே நின்றிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அய்யா சொல்லி அனுப்பியிருக்காரு. ஏரி மண்ணு ஒரு கூடை கூட எடுக்கக் கூடாதாம். என்னைத் திட்டாதீங்கப்பா. நான் மாடு மேய்க்கறவன்."

பெருமாள்சாமி கூடையோடு திரும்பி வந்து ஜீப்பின் பின்னால் உட்கார்ந்தார். வீட்டுக்குள் லட்சுமம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியில் குழவி உருளும் சத்தம் வெளியே கேட்டது. அவர் தலையைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து உள்ளே போனார்.

"அரைச்சிட்டியா?"

"இன்னும் ரெண்டு உருட்டு."

"முடிச்சிட்டுக் கழுவி வை. அம்மி எனக்கு வேணும்."

திருவிழா அன்று எந்த வீட்டிலும் அரைக்க மாட்டார்கள். அன்று கூழும், முன்பே இடித்து வெல்லம் கலந்து வைத்த துள்ளுமாவும்தான். ஆகவே கல்லெல்லாம் சும்மாதான் கிடக்கும். மண்ணுக்குப் பதில் கல் என்கிற அந்த யோசனை காலனி முழுக்கப் பரவியது. அம்மி, ஆட்டுக்கல் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் இடுப்பிலும் சாக்கிலும் கொண்டுவந்தார்கள். நானும் கொண்டுபோய் வைத்தேன். ஏரி மண்ணுக்குச் சொந்தக்காரர் இருக்கலாம். எங்கள் அடுப்படிக் கல்லுக்கு நாங்கள்தான் சொந்தம்.

சின்னத்தாயி மட்டும் தன் அம்மியை வாசலில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, குடு அக்கா" என்றார் பெருமாள்சாமி.

"தரமாட்டேன். இது எங்கம்மா ஊட்டுல இருந்து சீரா வந்த கல்லு. உன் தகரத்துல போட்டு உருட்டி மூலை பேந்துச்சின்னா நீ கொத்திக் குடுப்பியா?"

"குடுக்கறேன்."

"நீ இன்னா குடுப்பே. உன் வாய் குடுக்கும். அந்த மேட்டுல என் புருசன் காலைக் குடுத்தது போதாதா? கல்லையும் குடுக்கணுமா?"

பெருமாள்சாமி அடுத்த வாசலைப் பார்த்து நடந்தார். அவர் நாலு வீடு தாண்டிய பிறகு சின்னத்தாயி கல்லை விட்டு எழுந்து பின்னாலிருந்து கத்தினாள்: "வந்து தூக்கிட்டுப் போ! மேல வைக்காதே! அடியில வையி! மேல வெச்சா உருளும்!"

நயா பைசா வந்த அந்தச் சித்திரையில், ஜீப்பு குளித்து மஞ்சள் பூசி நின்றது. வடக்கயிறு தேரிலிருந்து ஜீப்பின் கொக்கிக்கு வந்தது. அலங்கரிக்கிறோம் என்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. நடுவில் வேப்பிலைத் தோரணம். அதன் மேல் செவ்வந்தி மாலை, அதன் மேல் கதம்ப மாலை. ஆளாளுக்கு ஒரு மாலை. வண்டியின் முகமே தெரியவில்லை. பெருமாள்சாமி பட்டாளத்து நிக்கரை விட்டுவிட்டு வேட்டி கட்டியிருந்தார். வண்டிக்கு மாலை போடப்போட மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கடைசி மாலையை அவரே வாங்கிப் போட்டார்.

மேட்டின் அடியில் கோவிந்தப்பா மாடுகளோடு தயாராக இருந்தார். கொம்புக்கு வர்ணம், கழுத்தில் சலங்கை. கரை மேல் நாற்காலியும் இருந்தது. அதில் அவரும் இருந்தார். அழைக்காமலே வந்திருந்தார். ஜீப்பு நின்றுபோனால் நாங்களே மாட்டைக் கேட்போம், பூட்டுவார்கள், தட்டு நாற்காலிக்குப் போகும். அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் எங்களில் ஒருவன் வாய் திறக்க முடியாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ஜீப்பு இழுத்தது. வடம் விறைத்தது, தேர் முனகியது, சக்கரம் நகர்ந்தது. பம்பை அடித்தவர்கள் தாளத்தை விட்டுவிட்டு வாய் பிளந்தார்கள். கல் பாரத்தில் ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரம் சரளையைக் கவ்விக்கொண்டு ஏறியது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தேர்ச்சக்கரத்தோடேயே நடந்தார்கள். நாங்கள் குடங்களோடு பின்னால் போனோம்.

பாதி மேட்டைத் தாண்டியதும் மாலைகளுக்குள்ளிருந்து ஆவி வந்தது. முதலில் சாம்பிராணிப் புகை என்று நினைத்தோம். பிறகு உஸ்ஸென்று சீறிக்கொண்டு வெந்நீர் பீய்ச்சியது. பெருமாள்சாமி பிரேக்கை மிதித்தார். "கட்டை! கட்டை!" என்று கத்தினார். இரண்டு பக்கமும் முட்டுக்கட்டையைத் தள்ளினார்கள். தேர் ஒரு சாண் பின்னால் வந்து, கட்டையில் ஏறி, ஆடி நின்றது. அந்தக் கட்டை மெல்ல நழுவுவது எனக்குத் தெரிந்தது. எனக்கு முன்பே சின்னத்தாயிக்குத் தெரிந்தது.

அவள் ஜீப்பின் பின்பக்கம் ஓடினாள். மேலே கிடந்தவற்றைப் புரட்டித் தள்ளி, அடியில் இருந்த தன் அம்மியை இழுத்துக் கீழே போட்டாள். யாரோ கை கொடுத்தார்கள். இரண்டு பேருமாக அதை உருட்டிக்கொண்டுபோய்த் தேர்ச்சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். தேர் அசையவில்லை.

கீழேயிருந்து கோவிந்தப்பாவின் குரல் வந்தது. கேலி இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "பெருமாள்சாமி! எத்து பூட்டட்டா? சொல்லுப்பா!"

எல்லாரும் பெருமாள்சாமியைப் பார்த்தார்கள். அவர் வண்டியிலிருந்து குதித்து முன்னால் வந்து நின்றார். மாலைகளைப் பார்த்தார். தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். "காத்து போற வழியை நானே பூவால அடைச்சிட்டேன்! பர்மாவுல சேறு அப்புனப்போகூட இது மூச்சு விட்டுச்சு!" கையை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார்.

பூசாரி பதறினார். "அய்யோ, திருவிழா நடுவுல மாலையைக் களையலாமா? அம்மன் கோவிச்சுக்குவா!"

"இது அம்மன் மாலை இல்ல பூசாரி, ஜீப்பு மாலை. ஜீப்பு ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார். வேப்பிலை, வாழை, செவ்வந்தி எல்லாம் சாலையில் குவிந்தன. எஞ்சினை அணைக்காமல் மெல்ல ஓடவிட்டார். சூடு தணியட்டும், அவசரப்பட்டால் இரும்பு வெடித்துவிடும் என்றார். ஈரத் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். உள்ளே தண்ணீர் இல்லை.

"தண்ணி" என்றார்.

ஏரி கரைக்கு அந்தப் பக்கம். நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அசையவில்லை. எங்கள் தலைகளில் குடம் குடமாகத் தண்ணீர் இருந்தது. அது அம்மனுடையது.

லட்சுமம்மா முன்னால் வந்தாள். வழக்கப்படி கீழே வைக்கக் கூடாத குடத்தைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"லட்சுமம்மா, வேணாம்மா. அது நீராட்டுத் தண்ணி" என்றார் பூசாரி.

"போன வருஷம் மண்ணு குடிச்சுது. அப்போ யாரும் வேணாம்னு சொல்லல" என்றாள். "இந்த வருஷம் வண்டி குடிக்கட்டும்."

குடத்து வேப்பிலை உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும் என்று முந்தானையை ரேடியேட்டர் வாயில் விரித்துப் பிடித்தாள். அதன் மேல் மஞ்சள் தண்ணீரை மெல்லிய கயிறு போல ஊற்றினாள். வண்டி குடித்தது. இன்னும் கேட்டது. அடுத்த குடம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அம்மனுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லிப் பூசாரி கெஞ்சினார்.

பெருமாள்சாமி மூடியைப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கீழே திரும்பி, "கோவிந்தப்பா! மாட்டுக்குத் தண்ணி காட்டு, வெயில்ல நிக்குது!" என்றார். முன் சக்கரக் கம்பைத் தள்ளினார். நாலு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. எங்கோ ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. எஞ்சின் அலறியது. ஆனால் மூச்சு விடாமல் ஒரே குரலில் அலறியது. தேர் அம்மியை விட்டு எழும்பி, மேட்டின் தலையைத் தாண்டி, கரை மேல் ஏறிச் சமமாக நின்றது. நாங்கள் எல்லாரும் தேரோடு கரை மேல் இருந்தோம். கீழே நிற்கச் சொல்ல யாரும் இல்லை.

நாற்காலிக்காரர் எழுந்திருக்கவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு, தட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தார். பூசாரி கற்பூரம் காட்டி, தட்டை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் அந்தப் பக்கமே இரண்டடி வைத்தார். நின்றார். பெருமாள்சாமியைப் பார்த்தார். "முதல்ல யாருக்குப்பா?"

பெருமாள்சாமி முகத்தில் கரியும் மஞ்சளும் வழிந்தது. அவருக்கே கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். "எனக்கு வேணாம். முதல் ஆளுன்னு ஒருத்தன் இருக்கறதாலதான் மத்தவன் எல்லாம் கீழ நின்னான்" என்றார். "வரிசையா குடு. வரிசையில யாரு முன்னாடி நிக்கறாங்களோ அவங்களுக்கு முதல்ல. பெரிய வீட்டுக்காரருக்கு வேணும்னாலும் வரலாம். வரிசைக் கடைசி அதோ இருக்கு."

அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். வரிசை என்று ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஜீப்பின் பின்னால், தங்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் பெண்கள் நின்றிருந்தார்கள். அடுத்த வேளைக்கு அரைக்க வேண்டுமே. அதில் முதலில் நின்றவள் சின்னத்தாயி.

பூசாரி தட்டை அவள் முன்னால் நீட்டினார். அவள் புருஷன் கால் போன மேட்டின் உச்சியில், ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"தட்டு இருக்கட்டும்யா" என்றாள் அவள். "என் கல்லு நடு ரோட்டுல கெடக்குது. அதை எவன் தூக்கியாந்து தருவான்? அதைச் சொல்லு முதல்ல!"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை பெருமாள்சாமியும் சேர்ந்து சிரித்தார். அவள் திருநீற்றை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். இன்னொரு சிட்டிகை எடுத்து, வீட்டில் இருக்கிறவருக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். தட்டு லட்சுமம்மாவைக் கடந்து, என்னைக் கடந்து, பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலி காலியானதை யாரும் கவனிக்கவில்லை.

மேட்டுப் பாதையில் கோவிந்தப்பா ஏறி வந்துகொண்டிருந்தார். மாட்டைக் கீழே மரத்தில் கட்டிவிட்டு, தோளில் சின்னத்தாயியின் அம்மியைச் சுமந்துகொண்டு வந்தார். அதன் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அவள் தடவிப் பார்த்து, பெருமாள்சாமியை நோக்கிப் பல்லைக் கடித்தாள். கோவிந்தப்பா தோளைத் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அத்தனை வருஷம் அந்தத் தேரை இழுத்த மாட்டுக்காரருக்கு அந்தத் தட்டு ஒருமுறைகூட வந்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பெருமாள்சாமி உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையில் சின்னத்தாயி வாசலில் உட்கார்ந்தார். கல் கொத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். அவள் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது. "கொத்திக் குடுக்கறேன்னு சொன்னேன்ல, கொத்தறேன்" என்று அவர் குனிந்த தலை நிமிராமல் கொத்திக்கொண்டே இருந்தார்.